எலுமிச்சை பிழியாத இருபத்து நான்கு பொட்டலங்கள்

வியாழன், மார்ச் 12

இன்று ஒரு சிறு தவறு. மாலை வகுப்பில் வாசித்த பக்கத்தின் மூன்றாவது பத்தியில், ‘பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மீனைப் பிசற வேண்டும்’ என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் யாரும் எலுமிச்சம்பழம் பிழியவில்லை. பழம் இல்லாமல் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டில் வலைப்பையோடு மூன்று பழங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் மூன்றும் அங்கேயேதான் இருந்தன. பையின் முடிச்சுகூட அவிழவில்லை.

வாக்கியத்தை அடித்தாயிற்று. ஆனால் உதிர்ந்த பொத்தானைத் தைக்க உட்கார்ந்தால் சட்டையின் கிழிசல் கண்ணில் படுமே, அந்த மாதிரி ஆகிவிட்டது.

1

இது பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இது கதையாகப் பிறக்கவில்லை, வீட்டுப்பாடமாகப் பிறந்தது.

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு, ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியில் எழுத்து வகுப்பு நடக்கிறது. போன வாரம் கொடுத்த பயிற்சி இது: உங்கள் வீட்டில் நடக்கும் ஒரு வேலையை, அதைப் பார்த்தே இராத ஒருவர் வாசித்துவிட்டுச் செய்யும்படி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கூடவே ஒரு நிபந்தனை. இந்த மாதம் முழுக்க ‘நான்’ கூடாது. ‘நான்’ போட்டால் உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எதிரே இருப்பது தெரியாது என்றார் வகுப்பெடுப்பவர்.

ஆகவே இதை எழுதுகிறவள் இதில் ‘எழுதுகிறவள்’ என்றே வருவாள். வயது இருபத்தைந்து. பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, மூன்றாவது தடவை ஏன் பார்க்கவில்லை என்று பஸ்ஸில் கவலைப்படுகிற ரகம்.

அவள் எடுத்துக்கொண்ட வேலை, மசாலா தடவிய மீனைப் பொட்டலமாக்கி ஃப்ரீசரில் வைப்பது. ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டும். இப்போது ஏழாவது பக்கம் ஓடுகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது. பூதத்தை உங்களிடம் காட்டலாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கிணற்றை முதலில் காட்டுகிறாள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘கடல் அன்று அமைதியாக இருந்தது.’ எழுதுகிறவள் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். இந்த மீன் தெருமுனைக் கடையின் ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் அது எங்கிருந்தது என்பது மீனுக்கே மறந்திருக்கும். அடித்தாயிற்று.

‘வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண் கடைசியாகத் தொடுவது —’

(இந்த வாக்கியம் நடுவழியில் நிற்கிறது. எங்கே போகிறது என்று புரிந்ததும் எழுதுகிறவள் பேனாவை மூடிவிட்டாள். அடிக்கவில்லை. நிற்கட்டும்.)

‘சித்தி மீனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.’

இது நடந்தது. கண்ணால் பார்த்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

சித்தி மீனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தி என்றதும் அம்மாவின் தங்கை என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் இரண்டாவது மனைவி. அம்மா இறந்து பல வருடங்கள் கழித்து, எழுதுகிறவளுக்கு இருபது வயதாகும்போது வீட்டுக்கு வந்தவள். வளர்க்க வேண்டிய வயது தாண்டிவிட்டது. தோள்மேல் கை போட்டுக்கொள்ளும் வயதும் இல்லை. ஐந்து வருடமாக இருவரும் நல்ல விடுதியொன்றின் அடுத்தடுத்த அறைக்காரர்களைப் போல மரியாதையாக இருந்து வருகிறார்கள். சண்டை கிடையாது. சண்டை போட ஒரு நெருக்கம் வேண்டும்.

சித்தி வேலை பார்ப்பது மீன் பதப்படுத்தும் ஆலையில். பொட்டலம் கட்டும் வரிசையில் பதினோரு வருடம். ஆகவே வீட்டில் அவள் மீனைத் தொடும்போது சமையல் என்று தோன்றாது, பணி நேரம் என்றுதான் தோன்றும்.

நான்கு பெரிய மீன்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வட்டத் துண்டுகள். மொத்தம் நாற்பத்தெட்டு. கழுவிய துண்டைப் பழைய பருத்தித் துணியில் வைத்து ஒற்றுவாள். புரட்டி ஒற்றுவாள். பிறகு அதன் மேல் செய்தித்தாள் துணுக்கு ஒன்றை வைத்து எடுத்துப் பார்ப்பாள். தாள் நனைந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஈரம் இருந்தால் ஐஸ் கட்டும், ஐஸ் கட்டினால் சதை கிழியும் என்பது அவள் விளக்கம்.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, அரைத்த பூண்டு, எண்ணெய். உப்பு வழக்கத்தில் பாதி. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. விழுது சுவரில் பூசும் சாந்து மாதிரி நிற்க வேண்டும். தடவுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நடுமுள்ளைச் சுற்றியுள்ள பள்ளம், அப்புறம் தோல், கடைசியில்தான் துண்டின் இரண்டு முகமும்.

“முகத்துக்கு எல்லாரும்தான் பவுடர் போடுறாங்க” என்றாள் சித்தி. “காதுக்குப் பின்னாடி யாரு போடுறா? அங்கதான் மீன் சப்புன்னு இருக்கும்.”

எழுதுகிறவள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். சித்தி அதைப் பார்த்து, “இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதுறாங்க, ஒழுங்கா வேலை செய்யணும்” என்று மீனிடம் சொன்னாள். இன்ஸ்பெக்டர் என்பது எழுதுகிறவளுக்கு அவள் வைத்த பெயர். வைத்து மூன்று வருடம் இருக்கும். நேருக்கு நேர் கூப்பிட்டதில்லை. மீனிடமோ குக்கரிடமோதான் சொல்வாள்.

அப்பா நடுவில் ஒருமுறை வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்ததாலோ என்னவோ, பக்கவாட்டில் நடப்பது எதுவும் அவர் கண்ணில் படாது. நாற்பத்தெட்டுத் துண்டு பரப்பிய மேசையைப் பார்த்து, “யாராச்சும் வர்றாங்களா?” என்றார்.

“யாரும் வரல” என்றாள் சித்தி. “போறாங்க.”

அப்பா “ம்” என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து மாவட்டத்தில் அந்த ஆலை புதுக் கிளை திறக்கிறது, அங்கே புதியவர்களுக்கு வரிசை வேலை பழக்கப் பத்து நாள் போக வேண்டும், பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை பஸ் என்று சித்தி முந்தின வாரமே சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள்.

பத்து நாள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

பைகளுக்குச் சீட்டு எழுதியது எழுதுகிறவள்தான்.

இது இருவருக்கும் பொதுவான ஒரே பழக்கம். ஆலையிலும் பரிசோதனைக் கூடத்திலும் முதலில் சீட்டு, பிறகுதான் சரக்கு. நிரப்பிய பை ஈரமாகிவிடும், மை பிடிக்காது. நிரப்பிய குழாய் இன்னொரு குழாயைப் போலவே இருக்கும். சித்தி முதன்முறை காலிப் பைகளை எடுத்துப் போட்டு “மொதல்ல பேர் எழுதிடு” என்று சொன்ன நாளில் எழுதுகிறவளுக்கு அவள்மேல் ஒரு மதிப்பு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறாள்.

“ஒண்ணுல ஆரம்பி.”

“தேதி போடட்டா?”

“தேதி வேணாம். நம்பர் போதும்.”

தேதி இல்லாத சீட்டைக் கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருந்தாலும் எழுதினாள். பத்து வந்ததும் கை தானாக நின்றது. சித்தி, “எழுது” என்றாள். பதினாறில் மறுபடி நின்றது. “இன்ஸ்பெக்டருக்குக் கை வலிக்குதாம்” என்று சித்தி பூண்டிடம் சொன்னாள். இருபத்து நான்கில்தான் பைகள் தீர்ந்தன.

ஒரு பைக்கு இரண்டு துண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றன்மேல் ஒன்று கூடாது. வாயை ஒரு விரல் அகலம் விட்டு மூடி, தண்ணீர் வாளியில் மெல்ல இறக்க வேண்டும்.* தட்டையாக அலுமினியத் தட்டில் படுக்கவைத்து உறைந்த பிறகு, புத்தகம் அடுக்குவது போல நெட்டுக்குத்தாக அடுக்கலாம். மறுநாள் காலை ஃப்ரீசரைத் திறந்தபோது இருபத்து நான்கு சிவப்புப் புத்தகங்கள், முதுகில் எண்ணோடு, எழுதுகிறவளின் கையெழுத்தில் நின்றன.

* தண்ணீர் நாலு பக்கமும் அழுத்துவதால் உள்ளே இருக்கும் காற்று அந்த ஒரு விரல் வாய் வழியே தானாக வெளியேறிவிடும். பை, மீனின் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். சித்தி இதைச் செய்யும்போது எழுதுகிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரணம் தெரியவில்லை. இது பயிற்சிக்குத் தேவையற்ற தகவல், அடித்துவிடலாம்.

5

இப்போது பூதம்.

அந்த வீட்டில் மீன் வாரம் இரண்டு நாள். புதனும் ஞாயிறும். ஒரு பொட்டலத்தில் இரண்டு துண்டு, அதாவது அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. பத்து நாளைக்கு மூன்று பொட்டலம் போதும். இருபத்து நான்கு பொட்டலம் பன்னிரண்டு வாரத்துக்கு வரும்.

கூட்டிக் கழிக்கத் தெரிந்த யாரும் அன்றே கேட்டிருப்பார்கள், எதுக்கு சித்தி இருபத்து நாலு என்று. நாலே சொல். எழுதுகிறவள் கேட்கவில்லை. நல்ல கையெழுத்தில் எண் எழுதிக் கொடுத்தாள். பிறகு நான்கு நாள் குறிப்பேட்டில் அதைச் சுற்றிச் சுற்றி எழுதி, கடைசியில் வாசிப்பதற்குக் கொண்டுபோன பக்கத்தில் மீனை மட்டும் விட்டுவைத்தாள், எண்ணிக்கையை எடுத்துவிட்டாள்.

வியாழன் வகுப்பில் ஏழு பேர். வாசித்து முடித்ததும் காப்பீட்டு முகவர் ஒருவர், சித்தி என்று போட்டுவிட்டு இப்படிச் சாதுவாக எழுதினால் எப்படி, சித்தியென்றால் கொஞ்சமாவது கொடுமை வேண்டாமா என்று குறைப்பட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரி விடுதிச் சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் பேய்க்கதை எழுதுகிறவர் அவர். முந்நூறு பேருக்கு ஆக்கிப்போட்டுவிட்டு எண்ணெய் வாசனையோடு ஓடி வருவார்.

“எலுமிச்சை பிழிஞ்சாங்கன்னு எழுதியிருக்கம்மா” என்றார். “எத்தனை நாளைக்கு வெக்கிறாங்க?”

பத்து நாள் என்றாள் எழுதுகிறவள்.

“அப்ப சரி. ரெண்டு மூணு வாரம் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா புளிப்பு சதையைத் தின்னுடும். சட்டியில போட்டா மாவு மாதிரி உதிரும். ரெண்டு மூணு மாசத்துக்கு வெக்கிறவங்க எலுமிச்சை பக்கமே போக மாட்டாங்க. எடுக்கிற அன்னைக்குப் பிழிஞ்சுக்குவாங்க.”

அந்தக் கணத்தில்தான் எழுதுகிறவளுக்கு அந்த மூன்று பழங்கள் ஞாபகம் வந்தன.

ஐந்து வருடத்தில் எத்தனையோ ஞாயிறுகளில் சித்தி ஐந்து ஆறு பொட்டலம் கட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை பிழிந்தாள். விதை விழாமல் விரலிடுக்கில் பிழிவதை எழுதுகிறவள் பார்த்துப் பார்த்து, கை தானாகவே அந்த வாக்கியத்தை எழுதிவிட்டிருக்கிறது. பிழியாதது இந்த ஒரே ஞாயிறு.

(மறந்திருக்கலாம். செய்தித்தாள் துணுக்கு வைத்து ஈரம் பார்க்கிறவள் எலுமிச்சையை மறப்பாளா? மறக்கலாம். மனிதர்கள்தானே. இந்த அடைப்புக்குறியை எழுதுகிறவள் நான்கு தடவை எழுதி அடித்திருக்கிறாள்.)

6

இந்தக் கதையில் சித்தி சரியாக வரவில்லை. நீங்களே கவனித்திருப்பீர்கள். மீனைத் துடைக்கிறாள், கேலி பேசுகிறாள், எண் சொல்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எழுதுகிறவளுக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பாள்.

தெரிந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தாள். சித்தியின் வலதுகைச் சுண்டுவிரலுக்கு ஐஸின் குளிர் தெரியாது. டீக்குச் சர்க்கரை கிடையாது, ஆனால் பிஸ்கட்டை டீயில் முக்கித்தான் தின்பாள். குளிக்கும்போது பாடமாட்டாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது முணுமுணுப்பாள். இவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கு மூன்று வரி. பரிசோதனைக் கூடத்துக்கு ஒரே ஒரு தடவை வந்துபோகிறவர்களைப் பற்றிக்கூட அதிகம் தெரியும்.

முதல் படியில் ‘சித்தி’ என்று எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அம்மா’ என்று இருந்தது. வகுப்பில் விளக்கம் சொல்ல வேண்டாமே என்று. அந்தப் படியில் எந்தச் சிக்கலும் இல்லை. அம்மா ஊருக்குப் போகிறாள், பிள்ளைக்கும் கணவனுக்கும் இருபத்து நான்கு பொட்டலம் செய்து வைக்கிறாள், என்ன பாசம் என்று வாசிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லை மாற்றியதும் எல்லாம் மாறிவிட்டது. பொட்டலம் அதேதான். எண்ணிக்கையும் அதேதான். அம்மா வைத்தால் அக்கறை. சித்தி வைத்தால் துப்பு.

அப்படிப் பார்ப்பது சித்தியின் குற்றமா, பார்க்கிறவளின் —

7

வெள்ளிக்கிழமை கூடத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்து முடிவுகள் எழுதிப் பார்த்தாள்.

முதல் முடிவு. சித்தி போகிறாள், வரவில்லை. அப்பாவும் மகளும் வாரம் இரண்டு பொட்டலமாகத் தின்று தீர்க்கிறார்கள். இருபத்து நான்காவது பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு கடிதம். (ஃப்ரீசரில் மசாலாவோடு வைத்த காகிதம் கூழாகிவிடும். தவிர, அந்தப் பைகளை நிரப்பும்போது எழுதுகிறவள் பக்கத்திலேயே நின்றாள். கடிதம் எதுவும் இல்லை. இந்த முடிவு செல்லாது.)

இரண்டாவது முடிவு. பதினோராம் நாள் சித்தி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். “ஆலையில பழக்கம், ரெண்டு டஜன் ரெண்டு டஜனாத்தான் கை ஓடுது” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். மிச்சமிருக்கும் இருபத்தொரு பொட்டலத்தை மூவரும் சேர்ந்து தின்கிறார்கள். (இது எழுதுகிறவளுக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மூன்றாவது முடிவு. மகள் நேராகப் போய்க் கேட்கிறாள்.

மூன்றாவதைத்தான் எழுத முடியவில்லை. மகளின் கேள்வியை எழுதிவிட்டாள், அது சுலபம். அடுத்த வரியில் ‘சித்தி சொன்னாள்:’ என்று எழுதி முக்காற்புள்ளியும் வைத்தாள். அந்த முக்காற்புள்ளிக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. கோபித்துக்கொள்வாளா, மழுப்புவாளா, மீனிடம் சொல்வாளா? தெரியாத ஆளுக்கு எப்படி வசனம் எழுதுவது?

வேறு வழியில்லை. கதைக்காகவாவது போய்க் கேட்டாக வேண்டும். கதைக்காக என்று சொல்லிக்கொண்டது ஒரு சாக்கு. அது உங்களுக்குப் புரியும்.

8

சனிக்கிழமை கூடத்தில் அரைநாள். எழுதுகிறவள் இரண்டு மணிக்கு வந்தபோது சித்தி அறையில் தரையில் உட்கார்ந்து, பெட்டியின் ஜிப்பில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைகள், கையுறை, ஒரு சால்வை. பத்து நாளைக்கானவையா பன்னிரண்டு வாரத்துக்கானவையா என்று துணிகளை எண்ணப் பார்த்தாள். மடித்துவிட்டிருந்ததால் எண்ண முடியவில்லை.

கேட்க நினைத்தது ஒன்று. கேட்டது இது:

“எலுமிச்சை ஏன் பிழியல சித்தி?”

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். சோப்புக் கையைத் துணியில் துடைத்தாள், மீனைத் துடைப்பது போலவே, இரண்டு பக்கமும்.

“எப்ப கவனிச்ச?”

“வியாழக்கிழமை.”

“ஞாயித்துக்கெழமை பக்கத்துல நின்னு எழுதிட்டு, வியாழக்கெழமை கவனிச்சியா? என்ன இன்ஸ்பெக்டர் நீ?”

முதன்முறையாக நேராக அவளிடமே சொன்னாள். எழுதுகிறவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு சித்தி சொன்னதை எழுதுகிறவள் சுருக்கித்தான் தர முடியும், நடுவில் ஜிப் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. புதுக் கிளையில் வரிசைக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்துக்கு அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பழக்கிக் கொடுக்கும் பத்து நாளுக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சம்மதமென்றால் அங்கேயே தங்க வேண்டியதுதான், ஆலை ஓட்டத்துக்கு வரும்வரை மூன்று மாதத்துக்கு விடுப்பு கிடையாது. அப்புறமும் மாதம் ஒருமுறை வந்துபோகலாம். அவ்வளவுதான்.

“அப்ப முடிவு பண்ணிட்டீங்க” என்றாள் எழுதுகிறவள். “இருபத்து நாலு கட்டியிருக்கீங்களே.”

“முடிவு பண்ணியிருந்தா எதுக்கு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்? பண்ணல. அதனாலதான் பிழியல.” சித்தி ஜிப்பை ஒரு இழுப்பு இழுத்தாள். வந்துவிட்டது. “பிழிஞ்சா ரெண்டு மூணு வாரத்துல தின்னாகணும், அதுக்குள்ள நான் வந்தாகணும். பிழியாம வெச்சா எப்ப வேணா எடுத்துக்கலாம். பிழியாததை நாளைக்குக்கூடப் பிழிஞ்சுக்கலாம். பிழிஞ்சதை மீன்லேர்ந்து திரும்ப வாங்க முடியுமா?”

அந்த நிமிடம் எழுதுகிறவளின் கையில் குறிப்பேடு இல்லை. இந்த வரிகள் நினைவிலிருந்து எழுதியவை. ஒரு சொல் முன்பின் இருக்கலாம்.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“புதன்கெழமை சொன்னேன். ‘உன் இஷ்டம்’னாரு.” சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று எழுதுகிறவள் உற்றுப் பார்த்தாள். இருந்த மாதிரி தெரியவில்லை. களைப்பு இருந்தது. “நல்ல மனுஷன்தான். தடுக்கவே மாட்டாரு. லிஃப்ட்டு மாதிரி. எந்த பட்டன் அமுக்கினாலும் போவாரு. அவரா ஒரு மாடிக்குப் போகணும்னு அவருக்குத் தோணினதே இல்ல.”

பிறகு கொஞ்ச நேரம் சால்வையை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“நீ சொல்லு. உன்னைத்தான் கேக்கறேன். போகவா, வேணாமா?”

ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. எழுதுகிறவள் எதிர்பார்த்து வந்தது ஒரு பதிலை. கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. எலுமிச்சையைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைசியில், “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

“யோசி” என்றாள் சித்தி. “எழுதிப் பார்த்துட்டுக்கூடச் சொல்லு. ஆனா திங்கட்கெழமை ஆறே முக்காலுக்கு பஸ்.”

அறையை விட்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து இன்னொன்றும் கேட்டது.

“உங்கப்பா சொன்னதை மட்டும் நீயும் சொல்லிடாத.”

9

செவ்வாய்க்கிழமை வகுப்பில் முடிவு கேட்பார்கள். காப்பீட்டு முகவருக்கு இன்னும் கொடுமை வேண்டும். சமையல்காரருக்கு மீன் கெடாமல் இருந்தால் போதும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. அதனால் அவளிடம் இருப்பதை அப்படியே உங்கள் முன் வைக்கிறாள்.

‘போங்க’ என்று சொல்லலாம். பதினோரு வருடம் மற்றவர் போட்ட வரிசையில் நின்றவள், ஒரு வரிசையைத் தானே போடப் போகிறாள். அதைத் தடுக்க யாருக்கு உரிமை? ஆனால் ‘போங்க’ என்பதை வேகமாகச் சொன்னால் வாசலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். ஐந்து வருட விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி.

‘போகாதீங்க’ என்றும் சொல்லலாம். சனிக்கிழமை மாலை முழுக்க இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறவள் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். அதற்கு ஒரு ருசி இருக்கிறது. இதுவரை சித்தியிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் கேட்கத் தோன்றியது சித்தி போகப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதானே? அப்படிப்பட்ட ஆசைக்கு எத்தனை நாள் ஆயுள்? புளிப்பு கலந்ததா கலக்காததா அது?

‘உங்க இஷ்டம்’ என்று சொல்ல முடியாது. அந்தக் கதவைச் சித்தியே பூட்டிவிட்டாள்.

இரண்டில் எது என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள், எழுதுகிறவளை விட உங்களுக்குச் சுலபமாக வருகிறதா என்று. அவள் எதைச் சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. மறைப்பதற்காக அல்ல. இந்த வரியை எழுதும்போது மணி இரவு ஒன்பது, சித்தி அடுத்த அறையில் அப்பாவின் சட்டைகள் இருக்கும் இடத்தை அவருக்கே காட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் எதுவும் சொல்லியாகவில்லை.

ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. ஒன்றாம் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில், ஒரு தட்டின் மேல் வைத்தாயிற்று. நாளை சித்தியும் சாப்பாட்டுக்கு இருப்பாள். மூன்று பேருக்கு ஒரு பொட்டலம் போதாது. இரண்டில் நான்கு துண்டு வரும், நான்காவதை அப்பா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்வார்.

ஞாயிறு, மார்ச் 15, செய்ய வேண்டியது: பதினோரு மணிக்கு மீனை வெளியே எடுத்து, பை திறந்து, தண்ணீர் விட்டிருந்தால் துணியால் ஒற்ற வேண்டும். வலைப்பையின் முடிச்சை அவிழ்த்து ஒரு பழம். பொரிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் பிழிய வேண்டும், விதை விழக் கூடாது. சித்தி பக்கத்தில் நிற்பாள். பிழிவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.